சுமார் நூற்றிருபது

செத்த குளிர்பெட்டியின் மோட்டாரைப் பிளந்து
எடுத்தது இந்தச் செப்புக் கம்பி.
பால் ஆலையில் என் வேலையே அதுதான்:
குளிர மறுப்பதைக் குளிர வைப்பது,
முடியாவிட்டால் கழற்றுவது.

பழைய சன்னல் சட்டத்தில்
நூற்றிருபது சுற்று சுற்ற வேண்டும்.
நடுவில் தொலைபேசி அடித்தது.
திரும்பி வந்தபோது
எண்பத்தேழா, எழுபத்தெட்டா?
பிரித்து எண்ண மனமில்லை.
எண்பத்தேழு என்றே வைத்துக்கொண்டு
மேலே போனேன்.

இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு மார்ஜரின் டப்பா,
ஒன்பது வோல்ட் பேட்டரி, ஹெட்போன்.
பாட்டு வராது, செய்தி வராது,
மழை வருமா என்றுகூடச் சொல்லாது இந்த ரேடியோ.
அலைவரிசை அவ்வளவு கீழே.
அங்கே இடிதான் குடியிருக்கிறது.

காங்கோ காட்டில் வெட்டும் மின்னல்
ஹியுமா தீவில் என் காதுக்குள்
பச்சை விறகாய்ப் படபடக்கும்.
சில இரவுகளில் ஏதோ ஒரு மின்னல்
காற்றைத் தாண்டி வெளியே போய்
வளைந்து, பூமிக்குத் திரும்பி
உச்சியிலிருந்து அடிவரை
ஒரு சீழ்க்கையாய் வழுக்கி இறங்கும்.
இரண்டே விநாடி.
அதற்குத்தான் இத்தனை சுற்று.

வீட்டுக்குள் மின்கம்பிகளின் ரீங்காரம்.
சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு
ரீங்காரம் தேயும்வரை
புல்வெளியில் நடந்தேன்.
தேய்ந்தது.
அதன் அடியிலிருந்து

டிக்.
டிக்.
டிக்.

ஹெல்தூரின் ஆட்டு வேலி.
விநாடிக்கு ஓர் உதை மின்சாரம்.

ஆளைக் கூட்டி வந்து காதில் மாட்டிவிட்டேன்.
கேளுங்கள், என் ராத்திரியைக்
குத்திக் குத்திக் கிழிக்கிறது.
கண்ணை மூடிக் கேட்டார்.
நெடுநேரம் கேட்டார்.
"ஒன்றுகூடத் தவறவில்லையே" என்றார்,
முகம் கொள்ளாத பெருமை.
"எவ்வளவு தூரம் கேட்கும் இது?"

பேரம் மூன்று நாள் இழுத்தது.
அவர் வீட்டு உறைபெட்டிக்கு நான்
ஓசியில் வாயு நிரப்புவது;
அவர் ஒரே ஓர் இரவு வேலியை அணைப்பது;
விடியும்வரை ஆடுகள் என் பொறுப்பு.
"வேலி அணைந்தது அதுகளுக்கு எப்படித் தெரியும்?"
"கறுப்புக் கிடாய்க்குத் தெரியும்."

அதே இரவு, கடலுக்கு அப்பால்
ஃபாரோ தீவில் சுன்வா
மீன் ஆலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு
தன் கம்பிச் சுருளோடு குன்றேறினாள்.
நாங்கள் நேரில் பார்த்ததில்லை.
இரண்டு தீவுக்கும் ஒரு கடிகாரம் வைத்துக்கொண்டோம்,
கேட்டதை விநாடி சுத்தமாய்க் குறிக்க,
பிறகு ஒப்பிட.

அக்டோபர். விரல்கள் மரத்தன.
டிக் இல்லை.
இல்லாத டிக்கைக் கொஞ்ச நேரம்
காது தானே போட்டுக்கொண்டது,
பிறகு விட்டது.
விட்டதும் எவ்வளவு பெரிதாகிவிட்டது இருட்டு!

1:32:10 சீழ்க்கை, மெலிசு.
1:50:44 இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று.
2:09:31 இருக்கலாம்.

அப்புறம் குளம்புச் சத்தம்,
ஹெட்போனுக்கு வெளியே.

கம்பியை முதலில் முகர்ந்ததாம்,
பிறகு மூக்கால் தொட்டதாம்,
பிறகு தாண்டிற்றாம்
என்றெல்லாம் மறுநாள் ஹெல்தூர் நடித்துக் காட்டினார்.
நான் கண்டது சாலை நடுவே கிடாயை,
அதன் பின்னால் வரிசையாய்ப் பெண்டாடுகளை.
ஹெட்போன் கழுத்தில் தொங்க,
சன்னல் சட்டத்தையே கதவாய்ப் பிடித்து
மடக்கினேன், ஓடினேன், விழுந்தேன்.
ஐந்துவரை எண்ணி விட்டுப்போய்
மறுபடி ஒன்றிலிருந்து.
ஏழு.

சுன்வாவின் கடிதம் அடுத்த வாரம் வந்தது:
"2:14:07. இந்த வருடத்தின் மிக நீளமானது.
நாலு விநாடி, துளி கறையில்லை.
இறங்கி முடியும்வரை நினைத்துக்கொண்டேன்,
இதே நொடி அவளும் கேட்கிறாள் என்று."

என் நோட்டில் இருந்ததை
அப்படியே எழுதி அனுப்பினேன்:
2:14. கிடாய். சாலை.

"எங்கள் தீவுகளின் பெயருக்கே
ஆடு என்றுதான் அர்த்தம்" என்று எழுதினாள்.
"விளக்கம் வேண்டாம்.
உன் சுருள் எத்தனை சுற்று என்று மட்டும் சொல்,
அடுத்த முறைக்கு நானும் அதே அளவு சுற்றுகிறேன்."

நூற்றிருபது என்று எழுதினேன்.
பேனாவை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு
முன்னால் இடுக்கி
'சுமார்' என்று சேர்த்தேன்.